செட்டிநாட்டு வீட்டில் எல்லாக் கட்டுக்கும் இணையம், மேசையில் இரண்டு மூன்று திரை: முழுமையான வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளில் மடிக்கணினியோடு உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒருவருக்குச் சென்னைக் கம்பெனி வேலை, இன்னொருவருக்குச் சிங்கப்பூர்க் கணக்கு, பிள்ளைகளுக்கு ஆன்லைன் வகுப்பு. எல்லாம் ஒரே கூரைக்குக் கீழேதான். ரூட்டர் இருக்கும் முகப்பில் வேகத்துக்குக் குறைவில்லை. வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய பகுதியை, தாண்டி இரண்டாம் கட்டுக்கு (வீட்டின் அடுத்த பகுதிக்கு) போனால் படம் உறைகிறது, பேச்சு அறுகிறது. கடையில் கேட்டால் இன்னும் விலை கூடிய, கொம்பு அதிகம் உள்ள ரூட்டரைக் காட்டுவார்கள்.

அந்தப் பணத்தைக் கம்பியில், அதாவது ஈதர்நெட் கேபிளில், போடுங்கள். நம் வீடுகளுக்கு இதுதான் சரியான வழி. வீட்டின் அமைப்பைப் பார்த்தாலே ஏன் என்று புரியும்.

முதலில் சுவரைப் புரிந்துகொள்ளுங்கள்

வைஃபை பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் வருகிறது: 2.4 ஜிகாஹெர்ட்ஸ், 5 ஜிகாஹெர்ட்ஸ். 5 வேகமானது, ஆனால் தடிமனான சுவரில் சீக்கிரம் தேய்ந்துவிடும். 2.4 கொஞ்சம் கூடுதலாக ஊடுருவும், வேகம் குறைவு. இன்றைய அபார்ட்மெண்டின் அரைச் செங்கல் சுவரை இரண்டுமே ஓரளவு தாண்டும். நம் வீடுகளில் செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிய கனத்த சுவர்கள். முகப்பிலிருந்து பின்கட்டுக்குப் போவதற்குள் அப்படி மூன்று நான்கு சுவர் குறுக்கே வரும். எந்த விலை ரூட்டரும் அதைத் தாண்டாது. அப்படியே ரூட்டரின் குரல் பின்கட்டை எட்டினாலும், உங்கள் போனின் சின்ன ஆன்டெனா பதில் குரல் கொடுத்து ரூட்டரை எட்ட வேண்டுமே. பேச்சு இரு பக்கமும் போக வேண்டும்.

சுவரைத் தவிர இன்னும் இரண்டு தடைகள் உண்டு. ஒன்று, ஆள் உயரப் பழைய நிலைக்கண்ணாடிகள். கண்ணாடிக்குப் பின்னால் பூசிய உலோகப் பூச்சு அலையைத் திருப்பி அடிக்கும். இன்னொன்று இரும்புப் பெட்டி, பீரோ. இவற்றின் பக்கத்திலோ பின்னாலோ ரூட்டரை வைக்கக் கூடாது.

இதற்கு எதிரே வளவு நமக்குப் பெரிய வசதி. பெரும்பாலான அறைகளின் கதவும் சன்னலும் வளவைப் பார்த்துத்தான் இருக்கின்றன. சுவரைவிட மரக்கதவை அலை எளிதாகக் கடக்கும், திறந்திருந்தால் தடையே இல்லை. ஆகவே வளவின் ஓரத்தில் ஒரு அக்சஸ் பாயிண்ட் (கம்பியில் வரும் இணையத்தை வைஃபையாகப் பரப்பும் பெட்டி) வைத்தால் சுற்றியுள்ள அறைகளுக்கெல்லாம் அதுவே போய்ச் சேரும். முகப்பிலிருந்து அதுவரைக்கும் கம்பி போனால் போதும்.

படி 1: அளவு எடுங்கள்

ஒரு தாளில் வீட்டை வரைந்துகொள்ளுங்கள். திண்ணை, முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி, மேல்மாடி என்று கட்டம் போட்டாலே போதும். ஃபைபர் எந்தப் பக்கம் உள்ளே வருகிறது, மின்சாரப் பலகை எங்கே, யார் எந்த அறையில் வேலை பார்க்கிறார்கள் என்று குறியுங்கள்.

அப்புறம் டேப் வைத்து, கம்பி போகப்போகும் வழியாகவே அளக்க வேண்டும். கம்பி மேலே ஏறும், உத்திரத்தை ஒட்டிச் சுற்றும், இறங்கும். நேர்கோட்டில் 25 மீட்டர் என்று தெரிவது வழியில் 40 ஆகிவிடும். ஈதர்நெட் கம்பிக்கு எல்லை 100 மீட்டர். ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடானால் இந்த எல்லையை மனதில் வைக்க வேண்டும். தாண்டுமென்று தோன்றினால் நடுவில் ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச் (ஒரு கம்பியில் வருவதைப் பல கம்பிகளுக்குக் கொடுக்கும் பெட்டி) வைத்தால் அங்கிருந்து மறுபடி 100 மீட்டர் கிடைக்கும்.

இப்போது கோளாறு எங்கே என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பின்கட்டில் மடிக்கணினியோடு உட்கார்ந்து, கமாண்ட் ப்ராம்ப்டில் பிங் கட்டளையோடு ரூட்டரின் முகவரியைக் கொடுங்கள். பெரும்பாலும் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1, ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும். பதில் சில மில்லி செகண்டுக்குள் சீராக வந்தால் வீட்டுக்குள் குறை இல்லை, இணைப்புக் கொடுத்தவரைக் கேட்க வேண்டும். நூறு, முந்நூறு என்று துள்ளினாலோ பதில் விட்டுவிட்டு வந்தாலோ குறை வைஃபையில்தான். இதைப் பார்க்காமல் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு மணிக்கணக்கில் காத்திருப்பதில் பயனில்லை.

படி 2: துளை போடாமல் வழி தேடுங்கள்

நம் வீடுகளில் பல, பங்காளிகளுக்குப் பொதுவானவை. வளவில் ஒவ்வொரு புள்ளிக்கும் (தனிக் குடும்பத்துக்கும்) ஒரு அறை இருக்கும், மற்ற இடமெல்லாம் எல்லாருக்கும் சொந்தம். பொது இடத்தில் கம்பி இழுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுவதே மரியாதை. வெளியூரில் இருக்கும் அண்ணனுக்கும் சித்தப்பாவுக்கும் போன் செய்து, "துளை போடப் போவதில்லை, கம்பி மட்டும் மேலே ஓடும்" என்று சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். செலவிலும் பங்கு கொடுப்பார்கள்.

துளை போடாமல் இருப்பதற்கு அதைவிடப் பெரிய காரணம் அந்தப் பூச்சு. சுண்ணாம்பை அரைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பழைய சுவர்ப்பூச்சை இன்று அதே மாதிரி திரும்பப் பூச ஆள் கிடைப்பது அரிது. டிரில் வைத்தால் ஒரு துளைக்கு ஒரு கை அகலம் பெயர்ந்து விழும். இருபக்கம் ஒட்டும் டேப்பும் வேண்டாம், உரிக்கும்போது மினுமினுப்பையும் சேர்த்து எடுத்துவிடும். தேக்குத் தூணிலும் உத்திரத்திலும் ஆணி அடிக்கவே கூடாது.

வழி ஏற்கெனவே இருக்கிறது. கதவுக்கு மேலே காற்றுக்கு விட்ட திறப்புகள், சன்னல் கம்பிகளின் இடைவெளி, பழைய வயரிங் போட்டபோது விட்ட துளைகள் எல்லாவற்றையும் பார்த்து வையுங்கள். வளவைச் சுற்றி உத்திரத்தின் மேல்புறத்தில் கம்பியைப் படுக்க வைத்தால் கீழேயிருந்து பார்த்தால் தெரியக்கூடத் தெரியாது. பிடிமானம் வேண்டிய இடத்தில் கேபிள் டையை லேசாகச் சுற்றினால் போதும், இறுக்க வேண்டாம்.

கதவிடுக்கு வழியாக மட்டும் கொண்டுபோகாதீர்கள். நம் கதவுகளின் கனத்துக்கு, சில நாளில் உள்ளே இருக்கும் செம்பு நசுங்கிவிடும். ஆத்தங்குடிக் கல் பாவிய தரையின் குறுக்கே ஓடவிடுவதும் வேண்டாம். ஆச்சிமார் நடமாடும் இடம், கால் தட்டும்.

மின்கம்பியோடு ஒட்டி இணையக் கம்பியை ஓட்டக் கூடாது. ஒரு சாண் தள்ளியே போகட்டும். கடந்துதான் ஆக வேண்டுமென்றால் குறுக்காகக் கடக்கட்டும். வெயிலும் மழையும் படும் இடங்களில் வெளிப்புறத்துக்கென்றே வரும் கறுப்பு உறைக் கம்பி வாங்குங்கள். சாதாரண உறை நம் ஊர் வெயிலில் வெடித்துவிடும்.

படி 3: வாங்க வேண்டியவை

கேட் 6 கம்பி, முழுச் செம்பு. இந்த ஒன்றில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். அலுமினியத்தின் மேல் செம்பு முலாம் பூசிய கம்பியும் அதே நிறத்தில், அதே பெட்டியில், பாதி விலைக்குக் கிடைக்கிறது. அது நீண்ட தூரத்தில் தடுமாறும், வளைத்தால் ஒடியும். கடையிலேயே ஒரு இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஐந்து அல்லது எட்டு போர்ட் உள்ள கிகாபிட் ஸ்விட்ச் ஒன்று. அக்சஸ் பாயிண்ட் ஒன்று அல்லது இரண்டு. பழைய ரூட்டர் சும்மா கிடந்தால் அதையே அக்சஸ் பாயிண்டாக மாற்றலாம், அடுத்த படியில் சொல்கிறேன். கம்பியின் நுனியில் மாட்ட ஆர்.ஜே. 45 முனைகள், அவற்றை அழுத்திப் பொருத்தக் கிரிம்பிங் டூல், இணைப்பைச் சோதிக்கச் சின்ன டெஸ்டர்.

முனை போடும் வரிசை: கிளிப் கீழ்ப்பக்கமும் கம்பி உங்களை நோக்கியும் இருக்கும்படி பிடித்தால் இடமிருந்து வலமாக வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசைதான். எட்டில் ஏதாவது ஒரு இழை சேராமல் போனாலும் இணைப்பு சில சமயம் வேலை செய்யும், ஆனால் 1000 வரவேண்டிய இடத்தில் 100 எம்.பி.பி.எஸ்.ஸோடு (நொடிக்கு 100 மெகாபிட்) நின்றுவிடும். 100-க்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு இழைகளே போதும் என்பதுதான் காரணம். வேகம் 95-ஐத் தாண்டாமல் அடம்பிடித்தால் முதலில் முனையைச் சந்தேகப்படுங்கள்.

படி 4: இரண்டாவது ரூட்டரை அக்சஸ் பாயிண்டாக்குதல்

இங்கேதான் பலருக்கும் சிக்குகிறது. புது ரூட்டரை அப்படியே செருகினால் வீட்டுக்குள் இரண்டு தனித்தனி வலையமைப்பு உண்டாகிவிடும். முன்கட்டில் உள்ள பிரிண்டர் பின்கட்டுக் கணினிக்குத் தெரியாது, சில அலுவலக வி.பி.என்.களும் தகராறு செய்யும். செய்ய வேண்டிய முறை இது:

1. இரண்டாவது ரூட்டரை ஒரு மடிக்கணினியோடு மட்டும் கம்பியில் இணைத்து, அதன் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறங்கள். "அக்சஸ் பாயிண்ட் மோட்" என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தால் போதும், 2, 3, 4 ஆகியவற்றைச் செய்ய வேண்டியதில்லை; முதல் ரூட்டரிலிருந்து வரும் கம்பியை இதன் கையேடு சொல்லும் போர்ட்டில் செருகுங்கள்.
2. அப்படி இல்லையென்றால் அதன் ஐ.பி. முகவரியை முதல் ரூட்டரோடு மோதாதபடி மாற்றுங்கள். முதலாவது 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2. முதல் ரூட்டர் மற்ற கருவிகளுக்குக் கொடுக்கும் முகவரிகளில் இந்த எண் வராதபடி அங்கேயும் பார்த்துக்கொள்ளுங்கள்.
3. டி.எச்.சி.பி.யை அணையுங்கள். முகவரி கொடுக்கும் வேலையை வீட்டில் ஒரே ஒரு ரூட்டர்தான் செய்ய வேண்டும்.
4. முதல் ரூட்டரிலிருந்து வரும் கம்பியை இதன் லேன் (LAN) போர்ட்டில் செருகுங்கள், வேன் (WAN) போர்ட்டில் அல்ல.
5. வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் முதலாவதில் உள்ளதே இருக்கட்டும். போன் தானாக மாறிக்கொள்ளும்.
6. 2.4-இல் சேனலை வேறுபடுத்துங்கள். ஒன்றுக்கொன்று மோதாதவை 1, 6, 11 மூன்றும்தான். முகப்புக்கு 1, வளவுக்கு 6, பின்கட்டுக்கு 11 என்று வைக்கலாம்.

அக்சஸ் பாயிண்டை வளவின் தாழ்வாரத்தில், சாரல் படாத இடத்தில், தலைக்கு மேல் உயரத்தில் வையுங்கள். மேல்மாடிக்குத் தனியாக ஒன்று வேண்டியிருக்கும்.

மெஷ் கருவிகளை, அதாவது சேர்ந்து வீடு முழுக்க வைஃபை பரப்பும் பெட்டிகளை, பற்றிக் கேட்பீர்கள். நல்லவைதான். ஆனால் கம்பி இல்லாமல் ஒன்றோடொன்று பேசும்போது அவையும் அதே சுவரைத்தானே தாண்ட வேண்டும்? மெஷ் வாங்கினாலும் அவற்றுக்கிடையே கம்பி கொடுங்கள். மின்கம்பி வழியாகவே இணையம் அனுப்பும் அடாப்டர்களும் உண்டு. பழைய வயரிங்கிலும், மும்முனை மின்சாரத்தில் அறைக்கு அறை வேறு ஃபேஸ் வரும் வீடுகளிலும் அவற்றை நம்ப முடியாது.

ஃபைபர் இன்னும் எட்டாத சிற்றூர் என்றால் சிம் போடும் ரூட்டரை மேல்மாடிச் சன்னலோரம் வைத்து, அங்கிருந்து கம்பியைக் கீழே இறக்குங்கள். அவசரத்துக்கு, போனை யூ.எஸ்.பி.யில் கணினியோடு இணைத்து டெதரிங் போட்டு, விண்டோஸில் "மொபைல் ஹாட்ஸ்பாட்" திறந்தால் எட்டுக் கருவிகள் வரை பகிரலாம். அந்தக் கணினி விழித்திருக்கும்வரைதான் அது ஓடும்.

படி 5: மின்சாரமும் இடியும்

திரை வாங்குவதற்கு முன் எர்த்தைப் பார்த்துவிடுங்கள். பழைய வயரிங்கில் பல இடங்களில் எர்த் கம்பியே இருக்காது. கணினியின் உலோகப் பெட்டியைத் தொட்டால் சுர்ரென்று ஏறுவது இதனால்தான். மூன்று முள் பிளக்கை இரண்டு முள்ளாக மாற்றும் அடாப்டரைப் போட்டுச் சமாளிக்காதீர்கள். எலக்ட்ரீஷியனை அழைத்து வேலை பார்க்கும் அறைக்கு மட்டுமாவது முறையான எர்த் கொடுங்கள்.

மின்தடைக்கு ரூட்டருக்கென்று 12 வோல்ட் மினி யூ.பி.எஸ். கிடைக்கிறது. ஃபைபர் பெட்டியும் ரூட்டரும் தனித்தனியாக இருந்தால் இரண்டுக்கும் வேண்டும், வளவில் உள்ள அக்சஸ் பாயிண்டுக்கும் வேண்டும். ஒன்றை விட்டாலும் சங்கிலி அறுந்துவிடும்.

கோடை மழையிலும் ஐப்பசி கார்த்திகை அடைமழையிலும் இடி நெருங்கும் முன்பே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், ஆனால் அது மட்டும் போதாது. செம்புக் கம்பி வழியாகவும் மின்னதிர்ச்சி உள்ளே வரும், குறிப்பாக வெட்டவெளியைக் கடக்கும் கம்பியில். அந்த முனையையும் முன்கூட்டியே கழற்றிவிடுங்கள்; இடி முழங்கும்போது தொடாதீர்கள். தோட்டத்துக்கு அப்பால் தனிக்கட்டடம் இருந்தால் அங்கே செம்பு வேண்டாம், உலோக இழை சேராத ஃபைபரை இழுத்து இருமுனையிலும் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரையும் ஈதர்நெட் கம்பியையும் இணைக்கும் பெட்டி) வைப்பதுதான் பாதுகாப்பு.

படி 6: திரைகள்

சரி, இப்போது மேசைக்கு வருவோம். இரண்டாவது திரை ஆடம்பரம் இல்லை. கணக்கு எழுதுகிறவருக்கு ஒரு பக்கம் பில், மறுபக்கம் டேலி என்று திறந்து வைத்தால் மாற்றி மாற்றிப் பார்க்கும் அலைச்சல் போகும். மூன்றாவது எல்லாருக்கும் தேவைப்படாது.

வாங்கும் முன் கணினியின் பின்புறத்தைப் பாருங்கள். எச்.டி.எம்.ஐ., டிஸ்ப்ளேபோர்ட், யூ.எஸ்.பி. சி, பழைய நீல நிற வி.ஜி.ஏ. என்று என்னென்ன இருக்கிறது என்று போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள டெஸ்க்டாப்பில் திரையின் கம்பியை அந்தக் கார்டில்தான் செருக வேண்டும். மதர்போர்டில் உள்ள போர்ட்டில் செருகிவிட்டுத் திரை வரவில்லை என்று தேடுகிறவர்கள் அநேகம்.

யூ.எஸ்.பி. சி எல்லாமே படம் அனுப்பாது. போர்ட்டின் பக்கத்தில் மின்னல் குறியோ டிஸ்ப்ளேபோர்ட் சின்னமோ இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் பக்கத்தில் தேடுங்கள். டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்.டி.எம்.ஐ. திரைக்குச் சாதாரண மாற்றுக்கம்பி பெரும்பாலும் போதும். எச்.டி.எம்.ஐ.யிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட் திரைக்கு மின்சாரம் எடுத்து வேலை செய்யும் தனி அடாப்டர் வேண்டும்.

எச்.டி.எம்.ஐ. ஸ்ப்ளிட்டர் வாங்கி ஏமாறாதீர்கள். அது ஒரே படத்தை இரண்டு திரையிலும் காட்டும், அவ்வளவுதான். போர்ட் போதவில்லையென்றால் டிஸ்ப்ளேலிங்க் சிப் உள்ள யூ.எஸ்.பி. அடாப்டர் வாங்கலாம். அலுவலக வேலைக்கு நன்றாக இருக்கும், விளையாட்டுக்குச் சரிவராது. மேக்புக் ஏர் வைத்திருப்பவர்கள் கவனிக்க: எம் 1, எம் 2 மாடல்கள் நேரடியாக ஒரே ஒரு வெளித்திரையைத்தான் ஏற்கும். எம் 3-இல் மூடியை மூடினால் இரண்டு. எம் 4-இல் மூடி திறந்திருந்தாலும் இரண்டு.

4கே திரையில் மவுஸ் விட்டுவிட்டு நகர்கிறதா? பழைய எச்.டி.எம்.ஐ. 1.4 என்றால் 4கே படத்தை நொடிக்கு 30 முறைதான் அனுப்பும். 60 வேண்டுமென்றால் கணினி, கம்பி, திரை மூன்றும் குறைந்தது 2.0-ஆக இருக்க வேண்டும்.

இணைத்த பிறகு விண்டோஸ் பொத்தானையும் "பி"யையும் சேர்த்து அழுத்தி "எக்ஸ்டெண்ட்" தேர்ந்தெடுங்கள். பிறகு செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே போங்கள். "ஐடென்டிஃபை" அழுத்தினால் ஒவ்வொரு திரையிலும் எண் தோன்றும். மேசையில் எப்படி இருக்கிறதோ அப்படியே படத்தில் இழுத்து வையுங்கள். உயரமும் பொருந்தட்டும், இல்லாவிட்டால் மவுஸ் ஓரத்தில் முட்டி நிற்கும். நேர் எதிரே உள்ளதை "மெயின் டிஸ்ப்ளே" ஆக்குங்கள். எழுத்து ஒன்றில் பெரிதாகவும் மற்றதில் சிறிதாகவும் தெரிந்தால் "ஸ்கேல்" எண்ணைத் திரைக்குத் திரை மாற்றலாம். திரையில் திறந்திருக்கும் ஒரு விண்டோவை அடுத்த திரைக்குத் தள்ள விண்டோஸ், ஷிஃப்ட், அம்புக்குறி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள்.

வைக்கும் இடம் பற்றி நம் வீட்டுக்கென்று ஒரு சேதி. நண்பகலில் வளவின் வெளிச்சம் கண்ணைப் பறிக்கும். திரை வளவைப் பார்த்திருந்தால் பளபளப்பில் எழுத்து தெரியாது. நீங்கள் வளவைப் பார்த்து உட்கார்ந்தால் திரைக்குப் பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தில் கண் களைத்துவிடும். வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி மேசையைத் திருப்பிப் போடுங்கள். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்தில், ஒரு கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். பழைய தேக்கு மேசையில் திரை தாங்கும் கையைத் திருகிப் பொருத்துவதானால் இருபுறமும் ரப்பர்த் துண்டோ பிளைவுட் துண்டோ கொடுங்கள், தடம் விழாது. சுவரில் மாட்டும் எண்ணம் வேண்டாம், காரணம் முன்பே சொன்னதுதான்.

கல்யாணம், படைப்பு (முன்னோர் வழிபாடு), வீடு நிறைய ஆட்கள்

பங்காளிகள் கூடும் நாளில் வீட்டில் நூறு போன் இருக்கும். ரூட்டரில் "கெஸ்ட் நெட்வொர்க்" திறந்து அந்தக் கடவுச்சொல்லை மட்டும் கொடுங்கள், முடிந்தால் அதற்கு வேக வரம்பும் வையுங்கள். மலேசியாவில், சிங்கப்பூரில் இருக்கும் சொந்தங்களுக்குத் திருப்பூட்டுதலை (தாலி கட்டுவதை) நேரலையில் காட்டுவதானால் அந்தக் கணினிக்கு வைஃபை வேண்டாம், கம்பியில் இணையுங்கள். அதற்கு முக்கியம் மேலேற்றும் (அப்லோட்) வேகம். தெளிவான படத்துக்கு 5, 6 எம்.பி.பி.எஸ். தடையின்றி வேண்டும், ஆகவே அதைப்போல் இரு மடங்கு இருப்பு வைத்துக்கொள்ளுங்கள். முதல்நாள் அதே இடத்தில், அதே கம்பியில் ஒத்திகை பாருங்கள்.

வீட்டைப் பூட்டிப் போகும்போது

பல வீடுகள் வருடத்தில் பாதி நாள் பூட்டித்தான் கிடக்கின்றன. கிளம்பும் முன் திரை, கணினி, ஸ்விட்ச் எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்கி, வளவைக் கடக்கும் கம்பியின் முனைகளையும் கழற்றிவிடுங்கள். ஒவ்வொரு முனையிலும் "முகப்பு–வளவு", "வளவு–மேல்மாடி" என்று பெயர் எழுதி ஒட்டியிருந்தால் அடுத்த முறை வருகிறவர் யாரையும் கேட்காமல் மாட்டிக்கொள்வார். யூ.பி.எஸ். பேட்டரி மாதக்கணக்கில் சார்ஜ் ஏறாமல் கிடந்தால் கெட்டுவிடும், வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் மாதம் ஒரு பகல் அதை மட்டும் செருகி வைக்கச் சொல்லுங்கள். கேமரா ஓட வேண்டுமென்றால் ஃபைபர் பெட்டி, ரூட்டர், கேமரா மூன்றுக்கும் சர்ஜ் பாதுகாப்புள்ள தனிப் பலகை ஒன்று கொடுத்து, மற்ற அறைகளின் மெயினை இறக்கிவிட்டுப் போகலாம்.